மேலிருந்து இறங்கிய இருட்டு: விழித்திரைப் பிரிதல் அறுவைக்குப் பின் ஒரே கண்ணில் அடுத்தடுத்து வந்த சிக்கல்கள்

விழித்திரைப் பிரிதலுக்கான, அதாவது விழித்திரை கண்ணின் உட்சுவரிலிருந்து விலகிவிடும் நோய்க்கான, அறுவைச் சிகிச்சைக்குப் பின் நேரக்கூடிய சிக்கல்களைப் பாடநூல்கள் வகை வகையாகப் பிரித்து அடுக்கித் தருகின்றன. நோயாளியின் கண்ணில் அவை அந்த ஒழுங்கில் வருவதில்லை. ஒன்று அடங்கும் முன்பே மற்றொன்று தலைகாட்டுகிறது, ஒன்றுக்காகக் கொடுத்த மருந்தே வேறொன்றுக்கு வழி திறக்கிறது. முதல் நாள் கண்ட குறைக்கும் மூன்றாம் வாரம் கண்ட குறைக்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும் காரணம் வேறாக இருக்கிறது. இங்கே விவரிக்கப்படும் நோயாளியின் வலக் கண்ணில் 10 மாதங்களுக்குள் ஐந்து சிக்கல்கள் வந்தன. அவற்றில் ஒன்றின் காரணத்தை முதலில் தவறாகக் கணித்தேன். மிகப் பெரியதைக் குறைந்தது 12 நாள்கள் தாமதமாகக் கண்டுபிடித்தேன். அந்தத் தாமதத்துக்குக் கருவியின் குறையைவிட, நோயாளி சொன்ன ஒரு சொல்லை நான் சரியாகக் கேட்டுக்கொள்ளாததே காரணம் என்பதால் இதை எழுதுகிறேன். நோயாளியின் சம்மதம் பெறப்பட்டுள்ளது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

வந்தபோது இருந்த நிலை

அவர் 56 வயதுத் தச்சர். இளமையிலிருந்தே கிட்டப்பார்வை உள்ளவர். வலக் கண்ணுக்கு மைனஸ் 8 டயாப்டர் (லென்ஸின் திறனை அளக்கும் அலகு) கண்ணாடி அணிந்திருந்தார். பத்து நாள்களாக வலப்புற ஓரத்தில் மின்னல் வெட்டுவது போன்ற ஒளியும், பிறகு கரித்தூள் சிதறியது போன்ற புள்ளிகளும் தெரிந்திருக்கின்றன. மரத்தூள் விழுந்திருக்கும் என்று நினைத்துக் கண்ணைக் கழுவிக்கொண்டே வேலையைத் தொடர்ந்திருக்கிறார். கீழிருந்து ஒரு திரை ஏறத் தொடங்கி, நான்காம் நாள் பார்வையின் நடுவையும் மூடிய பிறகே வந்தார்.

வலக் கண்ணில் ஒரு மீட்டர் தொலைவில் விரல்களை எண்ணும் அளவுக்கே பார்வை இருந்தது. கண்ணழுத்தம் வலக் கண்ணில் 10, இடக் கண்ணில் 16 மி.மீ. பாதரசம். பிரிந்த கண்ணில் அழுத்தம் சற்றுக் குறைந்திருப்பது வழக்கம்தான். கண்ணைக் கடிகார முகமாகக் கொண்டால், விழித்திரை 8 மணி நிலையிலிருந்து மேல்வழியாக 2 மணி நிலை வரை, நடுப்பார்வைக்குரிய மக்யூலா உட்படப் பிரிந்திருந்தது. 11 மணி நிலையில் குதிரை லாட வடிவில் பெரிய கிழிசல் ஒன்று, அதன் விளிம்பு உட்பக்கமாகச் சுருண்டிருந்தது. கண்ணின் உள்ளே நிரம்பியுள்ள கூழான விட்ரியஸில் சிறிது இரத்தமும் பழுப்பு நிறத் துகள்களும் மிதந்தன. கீழே, இன்னும் ஒட்டியிருந்த பகுதியில், லாட்டிஸ் என்னும் மெலிந்த பட்டைக்குள் இரண்டு சிறு துளைகள் இருந்தன. இடக் கண்ணிலும் லாட்டிஸ் பட்டைகள் தென்பட்டதால் அன்றே அவற்றைச் சுற்றி லேசர் இட்டோம்.

பின்னால் வரப்போவதற்கு அடிப்படையான ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுகிறது. மேல் விழித்திரை பிரிந்தால் நோயாளிக்குத் திரை கீழிருந்து ஏறுவதாகத் தெரியும். கீழ் விழித்திரை பிரிந்தால் மேலிருந்து இறங்குவதாகத் தெரியும். மாணவப் பருவத்திலேயே கற்ற பாடம்தான் இது.

முதல் அறுவை

விழித்திரைப் பிரிதலுக்குக் காரணம் அதிலுள்ள கிழிசலே என்பதையும், அதை அடைத்தால் விழித்திரை ஒட்டும் என்பதையும் லோசானில் பணியாற்றிய ஜூல்ஸ் கோனான் 1920-களில் நிறுவும் வரை, இந்நோய் வந்த கண் பெரும்பாலும் பார்வை இழந்த கண்ணாகவே கருதப்பட்டது. இன்று அதே கொள்கையை நிறைவேற்றப் பல வழிகள் உள்ளன. கண்ணின் வெளிச்சுவரில் சிலிகோன் பட்டை வைத்து உள்ளே தள்ளும் பக்கிள் முறை ஒன்று. ராபர்ட் மாகமர் 1970-களின் தொடக்கத்தில் நிலைபெறச் செய்த, விட்ரியஸை அகற்றும் விட்ரெக்டமி மற்றொன்று. இயற்கை லென்ஸ் உள்ள கண்களில் பக்கிள் முறையே நல்ல பார்வையைத் தந்தது என்று 2007-ல் வெளிவந்த ஐரோப்பியப் பல்மைய ஆய்வு காட்டியது. ஆயினும் இந்தக் கண்ணில் கிழிசல் சற்றுப் பின்தள்ளியிருந்ததாலும், இரத்தக் கலங்கலால் உள்ளே தெளிவாகத் தெரியாததாலும் விட்ரெக்டமியைத் தேர்ந்தோம். அந்த முடிவில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. கீழே துளைகள் உள்ள கண்ணில் கூடவே ஒரு சுற்றுப் பட்டையும் வைத்திருக்கலாமா என்ற கேள்வி மட்டும் நிற்கிறது. அதற்கு ஒருமித்த பதில் துறையிலேயே இல்லை.

விட்ரியஸை அகற்றி, கிழிசலுக்கும் கீழ்த் துளைகளுக்கும் சுற்றிலும் லேசர் இட்டு, விழித்திரையை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்க சி3எஃப்8 வாயுவை 14 விழுக்காட்டுக் கலவையாக நிரப்பினோம். இந்த அளவில் வாயு குறிப்பிடத்தக்கபடி விரிவதில்லை. ஆறு முதல் எட்டு வாரங்களில் கரைந்துவிடும். முதல் நாள் குப்புறவும், அதன்பின் கிழிசல் மேலே இருக்கும்படி இடப்பக்கம் சாய்ந்தும் படுக்கச் சொன்னோம். வாயு கரையும் வரை விமானப் பயணம் கூடாது, நைட்ரஸ் ஆக்சைடு மயக்க மருந்து எக்காரணம் கொண்டும் கூடாது என்று எழுதிய பட்டையைக் கையில் கட்டி அனுப்பினோம். இவ்விரண்டில் எதைச் செய்தாலும் வாயு விரிந்து, கண்ணின் இரத்த ஓட்டமே நின்றுவிடக்கூடும்.

இருமுறை ஏறிய அழுத்தம்

அறுவைக்கு மறுநாள் அழுத்தம் 32. கருவிழியில் லேசான வீக்கம், தலைவலி, ஒருமுறை வாந்தி. அறுவையின் அழற்சியும் வாயு நிரம்பிய நெருக்கமும் சேர்ந்தால் இப்படி ஏறுவது எதிர்பார்க்கக் கூடியதே. அசிட்டசோலமைடு மாத்திரையும் டிமோலால் சொட்டு மருந்தும் கொடுத்ததில் நான்காம் நாள் 18-க்கு இறங்கியது. மாத்திரையை நிறுத்தினோம்.

23-ஆம் நாள் அழுத்தம் 36. இந்த முறை வலியோ வீக்கமோ இல்லை. அவருக்கு எதுவும் தெரியவில்லை. கோப்பில் நான் எழுதியது: ‘வாயுவால் ஏற்பட்ட அழுத்த உயர்வு’. மறுநாள் அதே பக்கத்தைத் திரும்பப் பார்த்தபோதுதான் அந்த வரி பொருந்தாதது உறைத்தது. வாயு அப்போது கண்ணில் பாதியளவே இருந்தது. முதல் வாரத்துக்குப் பிறகு சுருங்க மட்டுமே தெரிந்த ஒரு குமிழ், சுருங்கிக்கொண்டே எப்படி அழுத்தத்தை ஏற்றும்? உண்மைக் காரணம், அழற்சியைத் தணிக்க நாங்களே நாளுக்கு ஆறு முறை கொடுத்து வந்த பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் ஓரளவேனும் அழுத்தம் ஏறும். மிகுந்த கிட்டப்பார்வை உள்ளவர்களிடம் அதற்கான வாய்ப்பு அதிகம். மருந்து தொடங்கிச் சில வாரங்கள் கழித்தே அது வெளிப்படும் என்பதால், முதல் நாள் உயர்வையும் மூன்றாம் வார உயர்வையும் ஒரே பெயரில் எழுதுவது தவறான மருத்துவத்துக்கு இட்டுச் செல்கிறது. வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றி, படிப்படியாகக் குறைத்ததில் இரண்டு வாரங்களில் 19-க்கு வந்தது.

‘கோடு கீழ போகுது, ஆனா மேல இருட்டுது’

வாயு உள்ள கண் எப்படிப் பார்க்கும் என்பதைத் தச்சரைப் போல் யாரும் எனக்கு விளக்கியதில்லை. ‘ரசமட்டத்துல நீர் நிக்கிற மாதிரி ஒரு கோடு நிக்குது டாக்டர், தலையைச் சாய்ச்சா கோடும் சாயுது’ என்றார். வாயு கண்ணுக்குள் மேலே மிதக்கிறது. பிம்பம் தலைகீழ் என்பதால் நோயாளிக்கு அது கீழே நிற்கும் கரிய நீர்மட்டமாகத் தெரியும். வாயு கரையக் கரைய மேற்பக்கத்தில் முதலில் தெளிவு வந்து, கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கும். கடைசியில் ஒரு கோலிக்குண்டு போல அடியில் ஆடி மறையும். அவர் காலையில் எழுந்ததும் எதிரே உள்ள கதவுச் சட்டத்தை வைத்துக் கோடு எங்கே நிற்கிறது என்று அளந்து, ஒரு அட்டையில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்.

36-ஆம் நாள் வந்தபோது அந்த அட்டையைக் காட்டிவிட்டு, ‘கோடு கீழ போகுது, ஆனா மேல இருட்டுது’ என்றார். பார்வை 6/36-க்கு (இயல்பான கண் 36 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில் காணும் அளவுக்கு) ஏறியிருந்தது. மக்யூலா ஒட்டியிருந்தது. கிழிசலைச் சுற்றி லேசர் தழும்பு நன்றாகப் பிடித்திருந்தது. லென்ஸின் பின்புறத்தில் வாயு பட்டதால் இறகு போன்ற கலங்கல் வந்திருந்தது. அதன் வழியே கீழ் ஓரம் மங்கலாகவே தெரிந்தது. வெளிச்சுவரை உள்ளழுத்திக் கீழ் ஓரத்தைப் பார்க்கும் சோதனையை, அறுவையான கண்ணை வருத்த வேண்டாம் என்று நான் செய்யவில்லை. ‘வாயுக் குமிழின் நிழல், கவலை வேண்டாம்’ என்று எழுதி, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னேன்.

வாயுவின் நிழல் மேலே தெரிய வழியே இல்லை. நிமிர்ந்து அமர்ந்திருக்கும் ஒருவருக்கு மேலிருந்து இருட்டு இறங்குகிறது என்றால் அது கீழ் விழித்திரையைப் பற்றிய செய்தி; வாயுவின் தாங்கல் எட்டாத பகுதியும் அதுவே. அவர் கோட்டையும் இருட்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லியிருந்தார். நான்தான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன்.

48-ஆம் நாள், குறித்த தேதிக்கு முன்பே வந்துவிட்டார். பார்வை மீண்டும் விரல் எண்ணும் அளவுக்கு வீழ்ந்திருந்தது. 4 மணி முதல் 8 மணி நிலை வரை விழித்திரை பிரிந்து, நட்சத்திர வடிவ மடிப்புகளோடு விறைத்து நின்றது. கண்ணை அசைத்தாலும் அது அசையவில்லை. கீழ்த் துளைகளில் ஒன்று லேசர் தழும்பையும் மீறி இழுபட்டுத் திறந்திருந்தது. பி.வி.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் தழும்புச் சவ்வு வளர்ச்சி, மூன்றாம் நிலையான சி.

இந்தச் சவ்வு எப்படி உருவாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லலாம், ஏனெனில் விழித்திரை அறுவை தோற்பதற்கு முதன்மைக் காரணம் இதுவே. பிரிதல் நேர்ந்த கண்களில் 5 முதல் 10 விழுக்காட்டில் வருகிறது. விழித்திரைக்கு அடியில் உள்ள நிறமிச் செல்கள் கிழிசல் வழியாக உள்ளே சிதறுகின்றன. முதல் நாள் நாங்கள் கண்ட பழுப்புத் துகள்கள் அவைதாம். தம் இடத்தை விட்டு வெளியேறிய அச்செல்கள் குணம் மாறி, புண்ணை ஆற்றும் செல்களைப் போல நடந்துகொள்கின்றன. விழித்திரையின் மேலும் கீழும் படர்ந்து, கொலாஜன் இழைகளை இட்டு, பிறகு சுருங்குகின்றன. தோலில் புண்ணை மூடும் அதே சுருக்கம் இங்கே விழித்திரையைப் பிய்த்தெடுக்கிறது. புவியீர்ப்பால் செல்கள் கீழே படிவதாலும், வாயுவுக்கு அடியில் தேங்கும் நீரில் அழற்சிப் பொருள்கள் செறிவதாலும் கீழ் விழித்திரையே முதல் இலக்காகிறது. பெரிய கிழிசல், சுருண்ட விளிம்பு, இரத்தக் கசிவு ஆகிய மூன்றும் இதற்கு முன்னறிவிப்புகள். மூன்றும் இவருக்கு இருந்தன. பெரும்பாலும் நான்கு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் வருவதால், ஐந்தாம் வாரச் சோதனையில் முதலில் தேடியிருக்க வேண்டியதும் இதுவே.

ஸ்டீராய்டைக் குறைத்ததால்தான் இது வந்ததா என்று அவருடைய மகள் கேட்டார். நியாயமான கேள்வி. சவ்வு வளர்வதைத் தடுக்கும் என்று நம்பிப் பல மருந்துகள் சோதிக்கப்பட்டுள்ளன; எதுவும் சீரான பயனைக் காட்டவில்லை. ஆகவே ‘அதனால் அல்ல என்றே நினைக்கிறேன்’ என்று மட்டும் பதில் சொன்னேன். ஐந்தாம் வாரத்தில் நான் சரியாகப் பார்த்திருந்தால், மக்யூலா மீண்டும் பிரியும் முன்பே அறுவை செய்திருக்க வாய்ப்பு இருந்தது என்பதையும் அவர்களிடம் சொன்னேன். தச்சர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த அறுவை எப்போது என்று கேட்டார்.

இரண்டாம் அறுவையும் எண்ணெயும்

52-ஆம் நாள் இரண்டாம் அறுவை. கண்ணைச் சுற்றிச் சிலிகோன் பட்டை வைத்து, நுண்ணிடுக்கியால் சவ்வுகளை ஒவ்வொன்றாக உரித்து, கனமான பெர்ஃப்ளோரோகார்பன் திரவத்தால் விழித்திரையைத் தட்டையாக்கி, லேசர் இட்டு, சிலிகோன் எண்ணெய் நிரப்பினோம். மடிப்பு ஒன்றைத் தவிர மற்றவை எளிதாகவே உரிந்தன. விழித்திரையை வெட்டிக் குறைக்கத் தேவைப்படவில்லை. இத்தகைய கண்களில் சி3எஃப்8 வாயுவும் சிலிகோன் எண்ணெயும் ஏறத்தாழ நிகரான பலன் தந்தன என்று 1992-ல் முடிவுகள் வெளிவந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. எனவே எண்ணெயைத் தேர்ந்ததற்குக் காரணம் நடைமுறைதான். மற்றொரு முறை பல வாரங்கள் தலையைச் சாய்த்தபடி கிடக்க அவரால் முடியாது. எண்ணெய் வழியே விழித்திரையை உடனுக்குடன் பார்க்கவும் எங்களால் முடியும்.

பட்டையால் சில வாரங்கள் இரட்டைப் பார்வை இருந்தது. தசைகளின் வீக்கம் வடிந்ததும் தானாகவே மறைந்தது. தன் பழைய கண்ணாடி பொருந்தவில்லை என்று குறைப்பட்டார். எண்ணெயின் ஒளிவிலகல் எண் விட்ரியஸினுடையதைவிட அதிகம் என்பதால் இயற்கை லென்ஸ் உள்ள கண்ணில் கிட்டப்பார்வை பல டயாப்டர் குறையும். பட்டை கண்ணை நீளமாக்குவதால் சிறிது கூடும். இரண்டும் மோதும் காலத்தில் கண்ணாடி எழுதித் தருவது வீண் செலவு.

ஐந்தாம் மாதத்தில் அழுத்தம் 28. கருவிழிக்குப் பின்னால், மேல் விளிம்பை ஒட்டி, வெண்ணிற நுரைக் கீற்று ஒன்று தெரிந்தது. இமையைத் தூக்கிப் பார்த்திராவிட்டால் தப்பியிருக்கும். எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து, லென்ஸைத் தாங்கும் இழைகளின் இடைவெளி வழியே முன்னறைக்கு வந்திருந்தது. சீழ் தேங்கினால் கீழே படியும். எண்ணெய் நீரைவிட இலேசானது என்பதால் மேலே நிற்கும். இந்த முறை திசையைக் கவனித்தேன். துளிகள், கண்ணின் நீர் வெளியேறும் வடிகால் சல்லடையில் அடைந்துவிட்டால் எண்ணெயை எடுத்த பிறகும் அழுத்தம் இறங்காமல் போகலாம், ஆகவே காத்திருக்கவில்லை. எண்ணெயை எடுப்பதிலும் ஆபத்து உண்டு. எடுத்த பின் விழித்திரை மீண்டும் பிரியலாம். அபூர்வமாக, விழித்திரை நன்றாக ஒட்டியிருந்தும் காரணம் தெரியாமல் நடுப்பார்வை குன்றலாம். இரண்டையும் சொல்லி ஒப்புதல் பெற்றோம்.

விட்ரெக்டமி செய்த கண்ணில், ஐம்பது வயதைக் கடந்தவர் என்றால், கண்புரை வருவது ஏறத்தாழ உறுதி. எண்ணெய் அதை விரைவுபடுத்துகிறது. எனவே எண்ணெய் அகற்றுவதும் புரை அறுவையும் ஒரே அமர்வில் செய்யப்பட்டன. லென்ஸ் அளவைக் கணக்கிடும்போது ஒரு பொறி உண்டு. ஒலியலைக் கருவி விட்ரியஸில் நொடிக்கு 1532 மீட்டர் வேகத்தைக் கொண்டு கணக்கிடுகிறது. சிலிகோன் எண்ணெயிலோ ஒலி சுமார் 980 மீட்டர் வேகத்திலேயே செல்கிறது. திருத்தம் செய்யாவிட்டால் கண் ஒன்றரை மடங்கு நீண்டதாகத் தோன்றி, பொருந்தாத லென்ஸ் உள்ளே போய்விடும். ஒளிக்கதிரால் அளக்கும் கருவியைப் பயன்படுத்தி அதைத் தவிர்த்தோம்.

பத்தாம் மாதம்

விழித்திரை முழுவதும் ஒட்டியிருக்கிறது. அழுத்தம், ஒரு சொட்டு மருந்துடன், 17. கண்ணாடியுடன் பார்வை 6/24. அறுவை மருத்துவரின் கணக்கில் இது வெற்றி. விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. படம் வேறு கணக்குச் சொல்கிறது: மக்யூலாவின் மேல் மெல்லிய சவ்வு ஒன்று படர்ந்து மேற்பரப்பைச் சுருக்கியிருக்கிறது, இருமுறை பிரிந்ததன் விளைவாக ஒளியுணர் செல்களின் அடுக்குக் கோடு நடுவில் விட்டு விட்டுத் தெரிகிறது. அந்தச் சவ்வை உரிக்க இன்னொரு அறுவை செய்யலாம். அடுக்குக் கோடே அறுந்திருப்பதால் அதனால் வரும் ஆதாயம் சிறியது. இப்போதைக்கு வேண்டாம் என்று அவரும் நானும் முடிவு செய்தோம்.

நேர்க்கோடு அவருக்கு வலக் கண்ணில் வளைந்து தெரிகிறது. பலகையின் விளிம்பை ஒரு கண்ணால் நோக்கிச் சரிபார்க்கும் வேலையை இதுவரை வலக் கண்ணால் செய்தவர், இப்போது இடக் கண்ணுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். முதலில் கை தடுமாறியதாகவும் இப்போது பழகிவிட்டதாகவும் சொன்னார். அந்த இடக் கண்ணைத்தான் நாங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கீழ் ஓரம் வரை அழுத்தி, முழுமையாகப் பார்த்து வருகிறோம்.

வாயு நிரப்பிய ஒவ்வொரு நோயாளிக்கும் இப்போது வெற்று வட்டம் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுக்கிறோம். நிமிர்ந்து உட்கார்ந்து, மறு கண்ணை மூடிக்கொண்டு, இருட்டு எங்கே இருக்கிறதோ அங்கே அவரே பென்சிலால் தீட்ட வேண்டும்; பார்வை அளக்கும் முன்பே அது கோப்பில் சேர்ந்துவிடும். வட்டத்தின் மேற்பாதியில் தீட்டல் இருந்தால், கலங்கல் எவ்வளவு இருந்தாலும், கீழ் ஓரத்தைப் பார்க்காமல் அவரை அனுப்பக் கூடாது. தச்சர் கடைசியாக வந்தபோதும் ஒரு தாளைக் கேட்டு வாங்கினார். வட்டத்தில் இருட்டு எதையும் தீட்டவில்லை. நடுவில் குறுக்காக ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். கை நடுங்காத கோடு, நடுவில் இலேசாக மேல்நோக்கி வளைந்திருந்தது.